மாமன் மடியில் ஒரு சொட்டு

அங்கயற்கண்ணியின் உடம்பு ரத்தத்தை உறைய வைக்கும் தன் பிளேட்லெட்டுகளையே எதிரி என்று நினைத்து அழிக்கிற உடம்பு. அந்தப் பகையில் கொஞ்சம் தொப்புள்கொடி வழியே பெண் குழந்தைக்கும் போய்விட்டது. பெற்றவள் கொடுத்த சீர் இதுதானா என்று அவள் மருகினாள்.

கீறல் பட்டால் ரத்தம் நிற்காதே என்று ஆஸ்பத்திரி காவலுக்கு அனுப்பிய பேசும் எந்திரத் தொட்டில் ஊரையே சந்தேகப்பட்டது. தாய்மாமன் சொக்கலிங்கம் கொஞ்சக் குனிந்ததும், மீசை குத்திவிடும் என்று மூடியை இறக்கியது. மதுரையே அண்ணாந்து பார்த்த மீசை மறுநாள் முகத்தில் இல்லை.

"மருமகளுக்காகத்தானே. வளந்துட்டுப் போகுது" என்றார் அவர்.

சில மாதம் கழித்து, இன்று தொட்டில் தானாகவே திறந்தது. "அம்மாவிடமிருந்து வந்ததெல்லாம் கரைந்துவிட்டது. காது குத்தலாம்" என்று அறிவித்தது. அரை மணியில் நாலு தெருச் சொந்தமும் கூடத்தில் நெருக்கியடித்தது. மாமன் மடியில் வைத்து ஆசாரி குத்தினார். காதில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. வீறிட்ட பிள்ளையைத் தவிர யாரும் மூச்சுவிடவில்லை.

"நிக்குமாண்ணே?" என்றாள் அங்கயற்கண்ணி.

சொட்டு உருளவில்லை, இருந்த இடத்திலேயே கறுத்து உறைந்தது.

"நின்னுருச்சு தாயி" என்றார் சொக்கலிங்கம்.

அங்கயற்கண்ணி பிள்ளையைப் பறித்து அணைத்தாள். "எனக்கு வராத வித்தை உனக்கு வந்துருச்சேடி."

கூடமே கும்மாளமிட்டது. ஆசாரி மெல்லக் கனைத்தார்.

"இன்னொரு காது இருக்கு தாயி."