அப்பா எதை உறிஞ்சினார்?

"திருட்டுத்தனமா சிகரெட் பிடிச்சிருக்கார். இந்த வலிக்கு வேற என்ன காரணம்?" என்றாள் அம்மா.

அப்பா தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு, பல் கிளினிக் பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார்.

கடவாய்ப்பல்லைப் பிடுங்கியது திங்கட்கிழமை. மறுநாளே ஜம்மென்று ஸ்கூல் வேன் ஓட்டக் கிளம்பிவிட்டார். "பல்லா? அது போனதே தெரியலை" என்று ஊரெல்லாம் பீற்றல் வேறு.

வியாழக்கிழமை பீற்றல் நின்றது. வலி காது வழியாக ஏறி உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டது. மாத்திரைக்கு அசையவில்லை. வாயைத் திறந்தால் நாற்றம். பெரிய மனுஷர், என் முன்னாலேயே அழுதார்.

பயந்துபோய், "அக்காவுக்குச் சொல்லவா?" என்று கேட்டேன்.

"வாயை மூடு" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

வேறு எதிலும் இவர்கள் இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. அக்கா தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக் கூடாது. குழந்தை பிறந்த செய்தி வந்தபோதுகூட "ஓஹோ" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தவர்கள்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பல் எடுத்த குழியில ரத்தம் உறைஞ்சு ஒரு மூடி மாதிரி நிக்கணும். உங்களுக்கு அது பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. உள்ள எலும்பு அப்படியே தெரியுது. வலிக்காம என்ன பண்ணும்? எதையாவது இழுத்து உறிஞ்சினீங்களா? சிகரெட்? ஸ்ட்ரா?"

அப்பா இல்லையென்று தலையாட்டினார்.

"நல்லா கேளுங்க டாக்டர்" என்றாள் அம்மா. "இனிமே ஒண்ணு பிடிச்சாலும் நுரையீரல் தாங்காதுன்னு நெஞ்சு டாக்டர் சொன்னார். அன்னையோட விட்டுட்டேன்னார், நானும் நம்பினேன். இப்போ தினம் சாயங்காலம் வேன் கழுவப் போறேன்னு போறார். ஒரு மணி நேரம் ஆளையே காணோம். வேன் என்னவோ அதே அழுக்காதான் நிக்குது."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

"பிடிக்கலை" என்றார் அப்பா, கொழகொழவென்று.

"அப்போ எதை உறிஞ்சினீங்க?"

அப்பா கூரையைப் பார்த்தார். மாட்டிக்கொண்டால் எப்போதும் அங்கேதான் பார்ப்பார்.

"பாருங்க, முழிக்கறதை" என்றாள் அம்மா. "பொய் சொன்னாக்கூடப் பொறுத்துப்பேன். இப்படி மறைச்சு மறைச்சு செய்யறது இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. நான் உங்ககிட்ட எதையாவது மறைச்சிருக்கேனா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க..."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா திட்டினால் எனக்குப் பழக்கம். பாதியில் நிறுத்தினால்தான் பயம். அப்பா மீது எனக்கும் கோபம் கோபமாக வந்தது. ஒரு சிகரெட்டுக்காகவா இத்தனையும்?

டாக்டர் குழியைக் கழுவி, மருந்தில் நனைத்த துணியை உள்ளே வைத்து அடைத்தார். அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடி, மூக்காலேயே ஒரு நீளமான "அப்பாடா" விட்டார். அதைப் பார்த்து எனக்கே உயிர் வந்தது.

"இனிமே வலி குறைஞ்சுக்கிட்டே போகும். கொஞ்ச நேரம் பேசாதீங்க" என்றார் டாக்டர்.

அப்போதுதான் அம்மாவின் பையில் இருந்த அப்பாவின் போன் அடித்தது. 'டயர் கடை' என்று காட்டியது.

"இவன்தான் கூட்டாளி போல. இரு, இன்னைக்கு இவனுக்கும் சேர்த்து வெச்சுக்கறேன்" என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

அப்பா போனைப் பிடுங்கக் கை நீட்டினார். எட்டவில்லை.

"அப்பா, எங்கே இருக்கீங்க?"

அக்காவின் குரல். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"குட்டிப் பயலுக்கு மறுபடியும் மூக்கு அடைச்சுக்கிச்சுப்பா. அந்தச் சளி உறிஞ்சற குழாயை நாங்க மூக்குல வெச்சா தட்டி விடறான். நீங்க மறுமுனையை வாயில வெச்சு உறிஞ்சினா மட்டும்தான் காட்டறான். தினம் வர்ற மாதிரி சாயங்காலம் வந்துடுங்க. அம்மாகிட்ட வேன் கழுவப் போறேன்னே சொல்லுங்க, சரியா?"

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா, இன்னொரு பல்லையும் பிடுங்கப் போகிறார்கள் என்பதுபோல் நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்தார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ வெடிக்கப் போகிறது.

வெடிக்கவில்லை. "சிகரெட் இல்லையா அப்போ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பதறினாள்:

"நேத்து காலையில நான் வந்து குளிப்பாட்டினப்போ நல்லாத்தானேடி மூச்சு விட்டுக்கிட்டிருந்தான்?"