ஹல்வார்டின் செவ்வாய்க்கிழமைகள்

பெர்கனில் ஊரடங்கின் ஏழாவது வாரம். செவ்வாய் காலை பத்து மணிக்கு மனநல ஆலோசகர் சுன்னிவா கணினித் திரைக்கு வந்துவிட்டாள். முகம் காட்ட மாட்டேன் என்று ஹல்வார்ட் முதல் நாளே சொல்லிவிட்டதால், பேச்செல்லாம் எழுத்தில்தான்.

"வணக்கம் ஹல்வார்ட். தூக்கம் எப்படி?"

"விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது."

"சாப்பாடு?"

"ரொட்டியும் சீஸும்தான். சமைச்சா யாரு சாப்பிடறது?"

"உங்க மனைவி இருக்காங்களே. அவங்க எப்படி இருக்காங்க?"

விரல்கள் ஒரு வரியை எழுதி, அழித்து, மீண்டும் எழுதின.

"அவ உங்ககிட்ட மட்டும்தான் பேசறா."

அனுப்பிய பிறகுதான் ரக்னிலுக்கு உறைத்தது. அவள் கணவன் ஹல்வார்ட் தொற்றில் இறந்து நான்கு வாரமாகிறது. அவன் போன பிறகு வந்த முதல் செவ்வாயன்று, அவனுக்கு ஒதுக்கிய நேரத்தை ரத்து செய்யத்தான் கணினியைத் திறந்தாள். 'தூக்கம் எப்படி?' என்று திரை கேட்டது. அவளை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை. அவன் பெயரிலேயே பதில் எழுதிவிட்டாள்; அடுத்தடுத்த செவ்வாய்களிலும் அப்படியே.

"மன்னிச்சிடுங்க. நான் ஹல்வார்ட் இல்ல."

"தெரியும்மா. ரெண்டு வாரமாவே தெரியும். நீங்களா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

தொடர்ந்து சுன்னிவாவிடமிருந்து இன்னொரு வரி வந்தது.

"அடுத்த செவ்வாய் உங்களுக்கே நேரம் போட்டிருக்கேன். உங்க பேரு மட்டும்தான் தெரியல."