டொரொன்டோ எவ்வளவு தூரம்?

கிரில் கதவைத் திறக்க சபாரத்தினம் எழுந்திருக்கவே இல்லை. வெயிலில் நின்ற மைத்துனன் கிருபாலனை உள்ளே இருந்தபடியே முறைத்தார்.

மனைவி பாலாம்பிகைதான் சாவியோடு ஓடிவந்தாள். தம்பி உள்ளே நுழைந்ததும் மறுபடி பூட்டினாள்.

"பட்டப்பகல்ல என்னக்கா இது? நம்ம புக்கிட் காத்தில் ஊருல அவ்வளவு திருடனா?" என்று சிரித்தான் கிருபாலன். யாரும் சிரிக்கவில்லை.

அவன் டொரொன்டோவில் குடியேறியவன். நர்ஸாக இருக்கும் அக்கா மகள் உஷாந்திக்கு அங்கே வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அவளை அழைத்துப் போக வந்திருந்தான். உஷாந்தி சுவரோரமாக நின்றாள்.

"உன் பேச்சைக் கேட்டுத்தான் இவளை மஸ்ஜித் தானா ஊருல கட்டிக் கொடுத்தேன்," என்றார் சபாரத்தினம். "தாலியைக் கழற்றி வச்சிட்டு வந்து நிக்கிறா. இப்ப அடுத்த ஏற்பாடா?"

"தப்புதான் அத்தான். அதான் இனிமே நானே பாத்துக்கிறேன்னு..."

"எவ்வளவு தூரம்?"

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் இருக்கும். இப்பல்லாம் ஈஸிலா அத்தான். ஏறிப் படுத்தா, முழிக்கும்போது ஊரு வந்திரும்."

சபாரத்தினத்தின் முகம் கறுத்தது. "அவ்வளவு சுலபமா? வழியில எங்கயும் இறங்க வேணாமா?"

கிருபாலன் தடுமாறினான். "நேர் பிளைட் இல்ல. ஒரு இடத்துல மாறணும். காத்திருக்கிறதையும் சேர்த்தா ஒரு நாளுக்கு மேல ஆகும்."

"நினைச்ச உடனே இங்கேருந்து கிளம்பி வந்திர முடியுமா?"

"முடியாது. விசா இல்லாம ஏறவே விட மாட்டாங்க. அதுக்கே அலைய விடுவாங்க."

"வந்தாலும், வீட்டைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமோ?"

கிருபாலனுக்குச் சுருக்கென்றது. "என்ன அத்தான், குறுக்கு விசாரணையா?"

"கொஞ்சம் பொறுமையா பேசுங்களேன்," என்றாள் பாலாம்பிகை.

"நீ சும்மா இரு!"

கிருபாலன் எழுந்துவிட்டான். "என் மேல உள்ள கோபத்துல அவ வாழ்க்கையைக் கெடுக்காதீங்க. தூரம், தூரம்னு தட்டிக் கழிக்கிறதுக்குப் பதிலா, அனுப்ப மாட்டேன்னு நேரா சொல்லிடுங்க. உங்க பக்கத்துலயே வச்சுக்குங்க!"

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஹார்ன் விடாமல் அலறியது. "உஷாந்தி! வெளிய வாடி!" என்று ஒரு குரல் கேட்டது. கேட்டை எட்டி உதைக்கும் சத்தமும் கேட்டது.

உஷாந்தி அறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள்.

கிருபாலன் திரையை விலக்கிப் பார்த்தான். மஸ்ஜித் தானாவில் அவன் பார்த்து முடித்த மாப்பிள்ளை, புவனேஷ்.

"போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சு. இவன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டரும் வாங்கியாச்சு," என்றார் சபாரத்தினம். "அங்கேருந்து காரை எடுத்தா, ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இங்க வந்து நிக்கிறான்."

அவர் மைத்துனனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"டொரொன்டோவை விடத் தூரமா வேற ஊரே இல்லையா, கிருபா?"