பதினோராவது கை

"டேய் விவேக், துர்க்கைக்கு எத்தனை கை?"

"பத்து, அக்கா."

"நீ குடுத்த படத்துல எண்ணிப் பாரு."

விவேக் திரைப் பக்கம் குனிந்து, விரல் வைத்து எண்ணினான். "பதினொண்ணு இருக்கு" என்றான் சாவதானமாக.

ஜெயப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று சிங்கத்துக்கு இரண்டு வால். முந்தாநாள் பிள்ளையாருக்குத் தும்பிக்கையே இல்லை.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்தில் அவர்கள் வேலை பார்க்கும் கம்பெனி, துர்க்கா பூஜைப் பந்தல்களுக்கு சீரியல் செட் போட்டுக் கொடுப்பது. பலகையில் குறுக்கே அறுபத்து நாலு பல்பு, நெடுக்கே அறுபத்து நாலு பல்பு. பிக்ஸல் ஆர்ட் என்பார்களே, அதுதான். கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் என்றால் பலகையில் ஒரு பல்பு. கட்டம் கட்டமாக நிறம் நிரப்பி ஜெயப்ரியா வரைந்த படங்கள்தான் எட்டு வருஷமாகத் தெருவில் எரிகின்றன.

இந்த வருஷம் முதலாளி தபன்தா ஒரு ஏஐ சாஃப்ட்வேர் வாங்கினார். வேண்டியதைத் தட்டிக் கேட்டால் அதுவே படம் போட்டுத் தருமாம். அதை ஓட்டுவதற்கு, மூங்கில் சாரத்தில் ஏறி லைட் கட்டிக்கொண்டிருந்த விவேக்கை உட்கார வைத்தார். அவன் எப்போதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். முட்டி தேய்ந்து ஏற முடியாமல் தவித்தவனுக்கு நாற்காலி கிடைத்தது.

"பூஜை தொடங்கற மகாளயா வரைக்கும் பார்ப்போம். படம் சரியா வந்துட்டா விவேக் ஒருத்தன் போதும்" என்று இருவரையும் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார் தபன்தா.

ஜெயப்ரியாவின் கணவனுக்கு வேலை போய் ஐந்து மாசம். வீட்டுக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருத்தன் வந்து நாற்காலியைப் பிடுங்கினால்கூட மனசு ஆறும். போயும் போயும் இந்த அரைகுறையா?

"ஓரமெல்லாம் பாதிப் பாதிக் கட்டமா வழியுது பாரு. பாதிக் கட்டத்துக்குப் பாதி பல்பா எரியும்?"

"எரியாது, அக்கா."

"தெரியுதுல்ல? அப்ப ஒழுங்காக் கேட்டு வாங்க வேண்டியதுதானே!"

"கேட்டேன் அக்கா. அது அப்படித்தான் குடுக்குது."

தினமும் இதே கூத்து. அவன் பத்து நிமிஷத்தில் ஒரு படம் போடுவான். தபன்தா அதைப் போனில் தீப்பெட்டி அளவில் பார்த்துவிட்டு வங்காளியில் "தாருண்!" என்பார், பிரமாதமாம். உடனே விவேக், "அக்கா கை வைக்காம இது பலகைக்கு ஆகாது, தபன்தா" என்பான். அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கட்டம் கட்டமாகத் துடைப்பாள். வேலையை அடுத்தவள் தலையில் கட்டுவதில் மட்டும் கில்லாடி!

மகாளயாவுக்கு இன்னும் ஒன்பதே நாள். இன்று மூன்று மணிக்கு பாலிகஞ்ச் கமிட்டிக்காரர்கள் பலகை பார்க்க வருகிறார்கள்.

இன்று ஜெயப்ரியா கை வைக்கவில்லை. இந்த லட்சணத்தைத் தபன்தா பெரிசாகவே பார்க்கட்டும் என்று, பதினோரு கையோடு படத்தை அப்படியே பலகைக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்குக் கமிட்டிக்காரர்கள் முன்னால் ஸ்விட்சைப் போட்டார்கள். கைகள் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டு எரிந்தன. முகம் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு திட்டு.

"எட்டா கீ?" என்றார் கமிட்டிச் செயலாளர். "என்னங்க இது? தேவியைக் கேட்டா நண்டைப் போட்டு வச்சிருக்கீங்க!"

தபன்தாவின் முகம் சுண்டிப் போயிற்று. "யாரு போட்டது?"

"விவேக் குடுத்தது. நான் தொடவே இல்லை" என்றாள் ஜெயப்ரியா.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். விவேக் தலையைக் குனிந்துகொண்டான்.

"தப்பு என்னோடதுதான், தபன்தா. இந்த மிஷின் நமக்குச் சரிப்படாது. அக்கா வரைஞ்சாத்தான் பலகை."

"இதைச் சொல்ல உனக்கு ஒரு மாசமா?" தபன்தா கத்தினார். "சாஃப்ட்வேரை இன்னிக்கே நிறுத்து. நாளையிலிருந்து நீ பழையபடி மூங்கிலுக்குப் போ. ஜெயா, இனிமே எல்லாம் நீயே வரை."

விவேக் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான். ஜெயப்ரியாவுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டிருந்தால் அவனுக்கு இந்தக் கதி வருமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சாஃப்ட்வேரை மூடும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. அவன் சீட்டில் உட்கார்ந்தாள். அப்படி என்னதான் கேட்டுத் தொலைத்தான் இவன்? பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அவன் கேட்டதும் அது கொடுத்ததும் தேதி வாரியாக அப்படியே இருந்தன.

முதல் நாள். முதல் படம். துர்க்கை.

பத்தே கை. பத்திலும் பத்து ஆயுதம். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. அப்படியே பலகையில் ஏற்றியிருக்கலாம். எட்டு வருஷத்தில் அவளே இப்படி ஒன்று வரைந்ததில்லை.

இந்தப் படத்தை அவன் யாருக்கும் காட்டவே இல்லையே!

அதற்கு நேர் கீழே, அன்றைக்கே அவன் தட்டியிருந்த அடுத்த வரியைப் படித்தாள்:

"ரொம்ப நல்லா இருக்கு. இதைக் கொஞ்சம் கெடுத்துக் குடு."