பழைய மூக்கு

சண்டை ஓய்ந்து, காட்டோரத்துக்கு ஆடுகள் திரும்பி வந்த முதல் வருஷம் அது. கருகிக் கிடந்த மேய்ச்சல் நிலம் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. அன்று அந்தியில் வெள்ளாட்டின் குட்டி மட்டும் மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை.

வெள்ளாடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடியது. பாதி வழியில் திரும்பியது. மறுபடியும் ஓடியது. அதன் வாயில் குட்டி படுக்கும் சாக்கு இருந்தது.

வாசலில் நின்ற போலீஸ் நாய், "அதைக் கீழே போடுங்க அக்கா. ஒரு தடவை மோந்து பார்த்தா போதும்" என்றது.

ஆடு போடவில்லை. சண்டை நாளில் இதே நாய் ஆட்டின் அண்ணன் படுத்த சாக்கை மோந்து பார்த்தது. அண்ணன் அன்றைக்கே கிடைத்தான். வீட்டுக்குத்தான் வரவில்லை.

"அது அந்தக் காலம் அக்கா. இப்போ பாருங்க, கழுத்துப்பட்டைகூடப் புதுசு."

சாக்கைக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டு ஆடு கேட்டது: "மூக்கு பழசுதானுங்களே?"

நாய் தலையைக் குனிந்தது. "ஆமா. சத்தியமா கண்டுபிடிச்சிடுவேன்."

"அதுதாங்க எனக்குப் பயமே."

காட்டுக்குள் நரி ஊளையிட்டது. ஆடு சாக்கிலிருந்து காலை எடுத்தது. நாய் மோந்து முடித்து நிமிர்வதற்குள், அதன் சங்கிலியின் மறுமுனையை ஆடு பல்லால் கவ்விக்கொண்டது.

நாய் காட்டை நோக்கி ஓடியது. ஆடு பின்தங்கும்போதெல்லாம் நின்று நின்று ஓடியது. ஆடு பல்லைத் தளர்த்தவே இல்லை.