சட்டியில இருந்த கிழங்கு

"பொணம் கூடத்துல கெடக்குது. இவரு அடுப்பாண்ட குந்திக்கினு சட்டிய மோந்து பாக்கறாரு! மனுசனா இவரு?"

பக்கத்து வூட்டு அலமு அக்கா கத்துனதுல தப்பே இல்ல. எங்க தெரு கைலாசம், காலேஜ்ல செடிகொடி பாடம் நடத்தற வாத்தியாரு, அப்படித்தான். கொத்தமல்லிய காட்னாக்கூட வாயில நுழையாத பேரு ஒண்ணு சொல்லி, "அம்பெல்லிஃபெரே குடும்பம்"பாரு. நான் அவர மாதிரியே கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, "இட்லி! ஆவியேசி குடும்பம்!"னு கனைச்சா, தறியில குந்தினவன்லாம் நெய்யறத உட்டுட்டு சிரிப்பான்.

அன்னிக்கு யாரும் சிரிக்கல.

செத்துக் கெடந்தவ தறிக்கார தணிகாசலம் பொஞ்சாதி கலாவதி. போன மாசம்தான் அம்மை வந்து அவ கொழந்த போச்சு. இப்ப இவ ஏதோ கிழங்க வேவவச்சித் துன்னுட்டா.

அரை டவுசர் ஏட்டு அவசரப்பட்டாரு.

"சாரே, தெரிஞ்சி துன்னாளா, தெரியாம துன்னாளா? தெரிஞ்சின்னா ஆஸ்பத்திரில அறுத்துதான் குடுப்பாங்க."

தணிகாசலம் வாத்தியாரு கால்ல உழுந்தான். "அவள அறுக்க உடாதீங்க சார்!"

வாத்தியாரு அவன திரும்பிக்கூட பாக்கல. மிச்சக் கிழங்க பொரட்டிப் பொரட்டிப் பாத்தாரு.

"டயாஸ்கோரியா. டயாஸ்கோரியேசி குடும்பம்."

"யோவ், தமிழ்ல சொல்லுய்யா!" அலமு அக்காதான்.

"காட்டு வள்ளி. எல்லாரும் தின்றதுதான். சரியா வேவலன்னா சிலது வெசமாயிடும். பாவம், தெரியாம தின்னுட்டா."

ஏட்டு எழுதிக்கினு கெளம்பிட்டாரு. கலாவதி முழு உடம்போட சுடுகாடு போய்ச் சேந்தா.

திரும்பி வரச்சே வாத்தியாரு வேகவதி ஆத்து மணல்ல அப்படியே குந்திட்டாரு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இன்னா சார், அதான் பேர கண்டுபுடிச்சிட்டீங்களே! இன்னும் இன்னா யோசன?"

"அது வள்ளி இல்லப்பா. குளோரியோசா. லில்லியேசி குடும்பம். செங்காந்தள் கிழங்கு. சுத்த வெசம்."

நானும் பக்கத்துல குந்திட்டேன். "அப்ப... அவள அறுக்கக் கூடாதுன்னு பொய்யா சொன்னீங்க? எப்பேர்ப்பட்ட மனசு சார் ஒங்களுக்கு!"

அவரு மொகத்த மூடிக்கினாரு.

"முந்தாநேத்து அந்தக் கிழங்கோட என் வீட்டுக்கு வந்தாப்பா. 'இது இன்னா சார்?'னா. பேரு, குடும்பம், வெசம், எல்லாத்தயும் சந்தோசமா சொல்லிக் குடுத்தேன். கொழந்தய பறிகுடுத்தவ கேக்கறாளே, 'ஒனக்கு எதுக்கும்மா இது'ன்னு ஒரு வார்த்த கேக்கலப்பா."