பெயர் மாற்றிய ஆய்வு

நெல் கிடங்கு எலிகளின் குடும்ப வாழ்க்கையை ஆராய்ந்து சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தது அஞ்சுகம் என்ற பூனை. இரண்டு வருடம் எலிகளோடேயே தங்கி, பால் சோறு மட்டும் தின்று, ஒரு வாலைக்கூடத் தொடாமல் செய்த ஆய்வு அது. வளைகளை எல்லாம் சுற்றிக் காட்டியது காத்தாயி என்ற தாய் எலி. அஞ்சுகம் விடைபெற்றபோது காத்தாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "எங்க பேரை மட்டும் வெளியே விட்டுடாதே, தாயி. குஞ்சு குளுவான் இருக்குற இடம்."

அஞ்சுகம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஆய்வேட்டில் எல்லா எலிக்கும் வேறு பெயர் வைத்தது.

விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் மூன்று கடுவன் பூனைகள் உட்கார்ந்திருந்தன. கோட்பாடுகளைக் குடைவார்கள் என்று பயந்து வந்திருந்தது அஞ்சுகம். நடுவில் இருந்த குழுத் தலைவரோ அதையெல்லாம் விட்டுவிட்டு ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டினார்.

"பேரெல்லாம் மாத்திட்டியாம்மா?"

"எல்லாத்தையும் மாத்திட்டேன் ஐயா. அவங்க பாதுகாப்பு முக்கியமில்லையா?"

"ரொம்ப சரி. பேரை வெச்சு நாம என்ன பண்ணப்போறோம்? இந்த வளை வரைபடம் நிஜம்தானே?"

"ஒரு அங்குலம் பிசகாது ஐயா. நானே அளந்தேன்" என்றது அஞ்சுகம் பெருமையாக.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர்கள் முகத்தைக் கவனித்தது. மூன்று பேரும் மீசையை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அது ஆய்வுக்காக..." என்று பதறி எழுவதற்குள் இரண்டு நாற்காலிகள் காலி. ஜன்னலில் ஏறிய தலைவர் திரும்பிப் பார்த்து, "வேலை உனக்குத்தாம்மா!" என்று சொல்லிவிட்டுக் குதித்தார்.

மேஜைமேல் ஆய்வேடு விரிந்து கிடந்தது. வரைபடப் பக்கத்தை மட்டும் காணோம்.